மூடி யார் பக்கம்

இந்தப் பையன் எதுக்கு இத்தனை மரியாதையாக இருக்கிறான் என்பதுதான் மாசிலாமணிக்கு முதல் சந்தேகம். மாடிப்படி ஏறி வந்ததும் எழுந்து நின்றான், சரி. நாற்காலியைத் துடைத்துப் போட்டான், அதுவும் சரி. ஃபேன் காற்று வருகிற பக்கத்தைத் தான் எடுத்துக்கொள்ளாமல் அவருக்குக் கொடுத்தான், போகட்டும், வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வந்து முக்கால் மணி நேரமாகிறது, இதுவரைக்கும் ஒரு தடவைகூட அவரை முறை சொல்லிக் கூப்பிடவில்லையே! சார் இல்லை, அங்கிள் இல்லை, மாமா அறவே இல்லை. ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘தண்ணி வேணுங்களா’ என்று எல்லாமே அந்த ஒரு ‘ங்க’விலேயே ஓடுகிறது. எமகாதகன். மாமா என்று வாயைத் திறந்திருந்தால், அதுக்குள்ள என்னப்பா உறவு என்று ஒரு முறை முறைத்திருக்கலாம். சார் என்றிருந்தால், தள்ளி நிறுத்துகிறான் பார் என்று மனசுக்குள் குறித்து வைத்திருக்கலாம். எதிலும் மாட்டாமல் நழுவுகிறவனை எதில் பிடிப்பது? இருபத்து மூன்று வருஷமாக அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளி டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அவர். கம்பிக்கு அந்தப் பக்கம் வருகிற முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது நிஜக் காய்ச்சல், இது லீவுக்கு வந்த காய்ச்சல் என்று பிரித்துவிடுவார். இந்த நவநீதன் முகத்தில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபத்தெட்டு வயசு, ஒல்லி, இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுக்காயம், கார்டு பிடித்திருக்கிற விரல்களில் நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது. இவனைத்தான் கட்டுவேன் என்கிறாள் சிந்துஜா. அவருடைய ஒரே பெண், ஒன்றரை வயசில் ஜுரம் வந்தபோது தோளிலேயே போட்டுக்கொண்டு மூன்று ராத்திரி நடந்த பெண், மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ‘கம்ப்யூட்டர் கிளாஸுங்கப்பா’ என்று சொல்லிவிட்டு இந்த ஆர்.எஸ்.புரம் பேக்கரி மாடிக்கு வந்து இவனோடு சீட்டாடியிருக்கிறாள். சீட்டு! அவர் குடும்பத்தில் சீட்டைத் தொட்ட ஒரே ஆள் அவருடைய சித்தப்பா, அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சீட்டு இல்லைங்கப்பா, இது வேற, பணமெல்லாம் வெச்சு ஆடறதில்ல, மூளைக்கு வேலைங்கப்பா என்றுதான் சொன்னாள், விஷயம் வெளியே வந்த அன்றைக்கு. வெளியே வந்தது என்றால் அவளாகச் சொல்லவில்லை, கிளாஸ் நடத்துகிற அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்து ‘எங்க பொண்ணு எப்படிப் படிக்குது’ என்று இவர் கேட்கப்போய், எந்தப் பொண்ணு என்று அந்த அம்மா கேட்டு, கையில் கத்தரிக்காயோடு இவர் அசடு வழிந்து நின்று, அப்படி வெளியே வந்தது. மூன்று வருஷம்! நோட்டுப் புத்தகம்கூட எடுத்துக்கொண்டு போவாளே, அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தாள்? அதை இன்றைக்கு வரைக்கும் அவர் திறந்து பார்க்கவில்லை, திறந்து பார்த்து அது வெறும் நோட்டாக இருந்தால் தாங்காது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம கேக்கறது ஒண்ணே ஒண்ணு கண்ணு, சொத்து வேண்டாம், சாதி நான் பாக்கல, பொய் சொல்றவனா மட்டும் இருக்கக் கூடாது என்று சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, ‘ஒரே ஒரு தடவை அவரோட உக்காந்து ஆடிப் பாருங்கப்பா. ஆடறப்ப ஆளு தெரிஞ்சுரும். அதுக்கப்புறமும் உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க, நான் மறுபேச்சு பேச மாட்டேன்’ என்றாள். பேச மாட்டாள்தான், அது அவருக்குத் தெரியும், அழுத்தக்காரி, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு முடிந்தது, வேலைக்குப் போவாள், வருவாள், காபி போட்டுக் கொடுப்பாள், அவரோடு மட்டும் இனிமேல் பேசவே மாட்டாள். ஆனால் அவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது யார்? அவளாகவா கற்றுக்கொண்டிருப்பாள்? இவன்தான், வேறு யார். இவனிடம் ஒரு பொய்யைப் பிடித்தால் போதும், ஒன்றே ஒன்று, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் மூன்று வாரமாக ஜன்னலில் கூட்டம் குறைகிற நேரத்திலெல்லாம் இந்த ஆட்டத்தின் விதிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தார்.

படிக்கப் படிக்கத்தான் இந்த விதிகளை எழுதியவன் மேலேயே சந்தேகம் வந்தது. மற்றதெல்லாம் புரிந்தது, ஆளுக்கு இருபது உயிர், எதிராளியின் உயிரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், முதலில் பூஜ்யமாகிறவன் தோற்றான். நேரத்துக்குத்தான் தலையும் இல்லை வாலும் இல்லை. நான் ஒரு கார்டை நடுவில் வைக்கிறேன். வைத்தவுடன் அது நடந்துவிடாதாம். எதிராளிக்கு ஒரு நேரம் கொடுக்க வேண்டுமாம். அவன் தன் கார்டை என் கார்டுக்கு மேலேயே வைக்கலாமாம், அதற்கு மேல் நான், அதற்கு மேல் அவன், இப்படி அடுக்கிக்கொண்டே போய், இனி யாருக்கும் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு மேலேயிருந்து கீழே ஒவ்வொன்றாக நடக்குமாம். அதாவது கடைசியாக வந்தவன் காரியம் முதலில்! இதென்ன நியாயம்? முதலில் வந்தவனுக்கு முதல் டோக்கன், இதுதானே உலகம். ஆட்டம் ஆரம்பித்ததும் யானைக்காரனை வைத்தார் அல்லவா, கார்டில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கிறது, அவர் எல்லாவற்றுக்கும் தனக்குள் பேர் வைத்துக்கொண்டார், யானைக்காரன், பச்சைப் பாம்பு, மொட்டை, கேட், இடி, அப்படி யானைக்காரனை ஜம்மென்று நடுவில் வைத்து, போச்சுடா இவனுக்கு ஆறு உயிர் என்று நிமிர்வதற்குள், ‘இருங்க’ என்று ஒரு கார்டை மேலே வைத்து யானைக்காரனை வந்த வழியே அனுப்பிவிட்டான். ‘நான் தானுங்க தம்பி முதல்ல வெச்சேன்’ என்றார். ‘ஆமாங்க, நீங்க தான் முதல்ல வெச்சீங்க. ஆனா நான் வெச்சது மேல இருக்குங்க, அதனால அது முதல்ல நடக்கும்’ என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். இவனாகக் கட்டிவிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். பையிலிருந்து தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டி, சிவப்புக் கோடு போட்ட இடத்தைத் தேடிப் பார்த்தார். அப்படியேதான் போட்டிருந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான், அவசரப்படுத்தவில்லை, அந்தப் பொறுமைகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

இதில் பேக்கரி மாடியிலிருக்கிற இந்தக் கார்டு கடைக்கென்று ஒரு வழக்கம் வேறு. மற்ற இடங்களில் வாயால் கேட்டு வாயால் பதில் சொல்வார்களாம், இங்கே மேசைக்கு ஒரு பன்னீர் சோடா மூடி. மூடி யார் முன்னால் இருக்கிறதோ அவருக்குத்தான் நேரம். கார்டை வைத்தால் மூடியை எதிராளி பக்கம் தள்ள வேண்டும், உனக்கு ஏதாச்சும் இருக்கா என்று கேட்கிற மாதிரி. இருந்தால் கார்டை வைத்துவிட்டு மூடியைத் திருப்பித் தள்ளலாம். இல்லையென்றால் வெறும் மூடியை மட்டும் தள்ள வேண்டும். வெறும் மூடி மேசையில் போட்டிருக்கிற நடுக்கோட்டைத் தாண்டிவிட்டதா, கதவு சாத்தியாச்சு, அதற்கப்புறம் சாமியே வந்தாலும் கார்டு வைக்க முடியாது, அடுக்கில் இருப்பது நடந்தே தீரும். கடை நடத்துகிற ஃபிலோமினா என்கிற அம்மாதான் வந்ததும் சொல்லிக் கொடுத்தது. ‘வாயால சொன்னா நான் சொன்னேன் நீ சொல்லலன்னு சண்டை வருதுங்க. மூடி பொய் சொல்லாது பாருங்க’ என்று சிரித்தது. அவருக்கு அந்த மூடி மட்டும் உடனே பிடித்துவிட்டது. டோக்கன் மாதிரி. கையில் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு டோக்கனை அவர் முன்னே பின்னே நகர்த்தியதில்லை, கவுன்சிலர் ஆள் வந்து ஜன்னலில் அடித்தபோதும் நகர்த்தவில்லை, சொந்த மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் வரிசையில் நில்லு மாப்ளே என்றார், அந்த மச்சினன் பெண்டாட்டி இன்றைக்கும் அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. பெருமைதான். சொல்லிக்கொள்வார். ஆனால் அந்தப் பெருமையைத் தொட்டால் கூடவே ஒரு முகம் வரும், இப்போதும் வந்தது, வரவேண்டாம் என்றால் கேட்கவா போகிறது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா. டோக்கன் நூற்று நாற்பதோ என்னவோ. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘எங்க ஊட்டுக்காரருக்கு வேர்த்து ஊத்துதுங்க, கொஞ்சம் முன்னால விடுங்க சாமி’ என்றாள். எல்லாருக்கும்தாம்மா வேர்க்குது, வரிசைப்படிதான் என்று இவர் அடுத்து நீண்ட கைக்கு டோக்கன் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டது. அது அந்த ஆளுக்கா, வேறு யாருக்காவதா, அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார் என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம், அவசரப் பிரிவு பக்கத்துக் கட்டடம்தான். அவசரமானவன் கடைசியாக வந்தாலும் முதலில் போவான் என்று அவசரப் பிரிவில் போர்டே எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு விதிதானே, அதைப் படிக்காமலா இருந்தார்? சே, இப்போது எதுக்கு இது, மூடியைப் பார், மூடி உன் பக்கம் இருக்கிறது, பையன் காத்துக்கொண்டிருக்கிறான். மாசிலாமணி பச்சைப் பாம்பை வைத்து மூடியைத் தள்ளினார்.

பாம்புக்கு அவனிடம் பதில் இல்லை. வெறும் மூடி திரும்பி வந்தது, அவன் உயிரில் நாலு போனது, அவனே தாளில் அடித்து எழுதினான். மிச்சம் மூன்று. இவருக்கு நாலு. அட! அவர் முன்னால் இருக்கிறார்! கீழே பேக்கரியிலிருந்து பன் வேகிற வாசம் மேலே வந்தது, திடீரென்று பசித்தது, ஜெயித்துவிடுவோமா என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்து நாலு வயசில் இப்படி ஒரு ஆசை வரும் என்று யார் கண்டார்கள்? கடைசியாக எதில் ஜெயித்தார்? ஆபீஸ் கேரம் போட்டியில் இரண்டாம் பரிசு, பிளாஸ்டிக் வாளி. கூடவே சந்தேகமும் ஏறியது, ஏறாமல் இருக்குமா. இவன் மூன்று வருஷமாக ஆடுகிறவன், நான் மூன்று வாரம் படித்தவன், எப்படி நான் முன்னால் இருக்க முடியும்? விட்டுக் கொடுக்கிறான். சிந்துஜா சொல்லியிருப்பாள், அப்பாவை ஜெயிக்க விட்டுரு, சந்தோஷப்படுவாரு என்று. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டிருப்பார்கள், இந்த மேசையில்தான், சிரித்திருப்பார்கள். அப்படியென்றால் அது பொய்தானே? கையில் கார்டு இருந்தும் இல்லை என்று மூடியைத் தள்ளினால் அது பொய் இல்லாமல் வேறென்ன? மாட்டினான்! ஆனால் நிரூபிப்பது எப்படி, அவன் கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவா முடியும். இந்தக் கட்டும் அவன் கொடுத்த கட்டுதான். நல்ல கட்டைக் கொடுத்துவிட்டுத் தான் மட்டமான கட்டை வைத்துக்கொண்டிருந்தால்? ‘தம்பி, நீங்க ஒழுங்கா ஆடறீங்களா?’ என்று கேட்டேவிட்டார். நவநீதன் கார்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான். ‘ஒழுங்காத்தானுங்க ஆடறேன். உங்களுக்குக் கார்டு நல்லா வருது’ என்றான். ‘சிந்து ஏதாச்சும் சொல்லுச்சா?’ ‘சொல்லுச்சுங்க. ரொம்ப நேரம் யோசிப்பாரு, அவசரப்படுத்தாதேன்னு சொல்லுச்சு.’ அவ்வளவுதானா? அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையா? அவ்வளவுதான் என்று நம்புவதா? சிந்து என்று அவர் சொன்னதும் அவன் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது, அதை அவர் பார்த்தார், அது என்னவென்று தெரிந்துவிட்டதில் அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவன் அடுத்த கார்டை எடுத்தான், பார்த்தான், நடுவில் வைத்தான். இடி. மூடியைத் தள்ளினான். மூடி ஒரு சுற்று ஆடி அவர் முன்னால் நின்றது. மாசிலாமணி கையிலிருக்கிற ஐந்து கார்டையும் விசிறியாக விரித்துப் பார்த்தார். கேட் இருந்தது. எதிராளி வைத்ததை இல்லாமல் செய்கிற கார்டு, ஒன்றே ஒன்று, ஆரம்பத்திலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். வைத்துவிடலாம். ஆனால் இவன் ஏன் இவ்வளவு சுலபமாக இடியை வைத்தான்? யோசிக்காமல், எடுத்த கையோடு? இது தூண்டில். என் கையில் கேட் இருப்பது அவனுக்குத் தெரியும், அவன் கட்டு, அவனுக்குத் தெரியாதா, இதற்குக் கேட்டைச் செலவு செய்ய வைத்துவிட்டு அடுத்ததாகப் பெரியதாக ஒன்றை இறக்குவான். அதுதான் திட்டம். அதானே பார்த்தேன், இத்தனை மரியாதை எதுக்கு என்று! நம்மளை யாரென்று நினைத்தான், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை பேர் திட்டத்தைப் பார்த்தாச்சு, கேட்டை வைக்க மாட்டேன் தம்பி, நீ பெரியதை இறக்கு, அப்போது காட்டுகிறேன் என்று உதட்டோரம் சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் மூடியைத் தள்ளினார். வெறும் மூடி. அது வழவழப்பான மேசையில் சர்ரென்று போய் நடுக்கோட்டைத் தாண்டி அவன் பக்கம் நின்றது. நின்ற பிறகுதான் இடி எத்தனை உயிர் எடுக்கும் என்கிற கேள்வி அவருக்கு வந்தது. நாலு. அவரிடம் இருப்பது எத்தனை? நாலு.

அந்த நேரம் பார்த்து ஃபிலோமினா, ‘நவநீ, டீ வந்துருச்சு, எடுத்துக்கோ’ என்றது. அவன் நாற்காலியில் அப்படியே திரும்பிப் பின்னால் கை நீட்டினான், இரண்டு கிளாஸ், ஒரு தட்டில் தேங்காய் பன், வாங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும், மூன்று எண்ணுவதற்குள் ஆகிவிடும். மாசிலாமணியின் விரல் போனது. அவர் அனுப்பவில்லை, போனது என்றுதான் பின்னால் பல தடவை தனக்குச் சொல்லிக்கொண்டார். போய் மூடியின் பல்லைத் தொட்டு, சத்தமில்லாமல் இழுத்து, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து வைத்துவிட்டுத் திரும்பியது. நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் காலையில் போட்ட பிரஷர் மாத்திரை எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் டீயை அவர் முன்னால் முதலில் வைத்தான், பிறகு தனக்கு வைத்துக்கொண்டான், உயிர்க் கணக்குத் தாளை எடுக்கக் கை நீட்டினான். ‘இருங்க தம்பி’ என்று மாசிலாமணி கேட்டை எடுத்து இடிக்கு மேல் வைத்தார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. நவநீதன் கார்டைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். ஒத்துக்கொள்வான் என்றுதான் அவர் நினைத்தார், ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வான், பெண் கேட்டு உட்கார்ந்திருக்கிறவன், என் வாயிலிருந்து ஒரு சரி வருமா என்று காத்திருக்கிறவன், ஒரு சோடா மூடிக்காக மாமனாரோடு மல்லுக்கு நிற்பானா? ‘மூடி என் பக்கம் வந்துருச்சுங்க’ என்றான் நவநீதன். ‘வரலையே. இந்தா, என்கிட்டத்தான இருக்குது.’ ‘வந்துச்சுங்க. நான் பாத்துட்டுத்தான் திரும்புனேன்.’ குரலை அவன் உயர்த்தவில்லை, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காது. கேட் கார்டை இரண்டு விரலால் மெதுவாக எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தான். ‘நேரம் முடிஞ்சுதுங்க, இனி இதைப் போட முடியாது. பரவால்லீங்க, முதல் தடவை ஆடறப்ப கை அப்படித்தான் போகும். எனக்கும் போயிருக்குது.’

மூஞ்சிக்கு நேராக! மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டான்! மாசிலாமணிக்கு முதலில் வந்தது கோபம்தான், எழுந்து போய்விடலாம் என்று கால் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடியது, ஒரு செருப்பு கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. போனால் எதற்காகப் போனேன் என்று சிந்துஜா கேட்பாளே, என்ன சொல்வது? இவனுக்கு என் பெண் வேண்டாமா? வேண்டுமென்றால் விட்டிருக்க மாட்டானா? வேண்டும், அதுதான் முகத்திலேயே தெரிந்ததே. வேண்டும், ஆனாலும் விடவில்லை. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு குற்றம் அகப்பட மாட்டேன் என்கிறதே! கௌரவம் காட்டுகிறானோ, நான் நேர்மையானவன் என்று நடிக்கிறானோ, நடிக்கிறவன் இத்தனை மெதுவாகவா பேசுவான், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அல்லவா பேசுவான். ஃபிலோமினாவைக் கூப்பிட்டு இந்தப் பெரியவர் மூடியை நகர்த்திட்டாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மாடியிலிருந்து அவர் எப்படி இறங்கியிருப்பார்? டீயின் மேல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. டோக்கனை நகர்த்தாத கை. மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நகராத கை, மஞ்சள் சேலைக்காரி கெஞ்சியபோது நகராத கை, ஒரு விளையாட்டில் ஜெயிக்க வேண்டும் என்று நகர்ந்துவிட்டது. அவ்வளவுதானா அதன் யோக்கியதை? அழுகை வருகிற மாதிரி இருந்தது, வெட்கமாக இருந்தது, அதையெல்லாம் முழுங்கிக்கொண்டு வாய் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. ‘சும்மா ஒரு இதுக்குத்தான் தம்பி பண்ணுனேன்’ என்றார். ‘நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கலாம்னுதான்.’ சொன்ன பிறகு அவனைப் பார்க்க முடியவில்லை. ‘சரிங்க’ என்றான் நவநீதன், தாளில் நாலை அடித்துப் பூஜ்யம் போட்டான், ‘பன்னு சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க’ என்று தட்டை நகர்த்தினான். நம்பிவிட்டானா? கை அப்படித்தான் போகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டானே, எப்படி நம்புவான்? நம்பவில்லை. நம்பவில்லை என்பது இவருக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பன்னை ஒரு கடி கடித்திருப்பார், ஃபோன் அடித்தது. சிந்துஜா. மாசிலாமணி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, ஃபோனைத் தட்டு மாதிரி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவார், பழக்கதோஷம், இன்றைக்கும் விரல் தானாகப் போய் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது. ‘அப்பா, ஆடியாச்சுங்களா?’ அவள் குரலில் காற்றே இல்லை, காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள். ‘ஆடியாச்சு சாமி.’ ‘எப்படீங்கப்பா?’ இப்போது சொல்லலாம். தோத்துட்டேன் கண்ணு, ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டு மூடியை நகர்த்துனேன், இந்தத் தம்பி பிடிச்சுட்டாரு என்று சொல்லிவிடலாம், அவள் ஒரு நிமிஷம் திகைப்பாள், அப்புறம் சிரித்துவிடுவாள், தானும் மூன்று வருஷம் பொய் சொன்னவள்தானே, அப்பாவும் மகளும் சரிக்குச் சரி ஆகிவிடலாம். ‘ஒரு பரிட்சை வெச்சேன் சிந்து’ என்றார் மாசிலாமணி. ‘வேணும்னே மூடியை நகத்தி வெச்சுப் பாத்தேன், தம்பி விட்டுக் குடுக்கறாரா என்னன்னு. விடல. மூஞ்சிக்கு நேரா, முடியாதுன்னு சொல்லிட்டாரு. நேர்மையான ஆளுதான். எனக்குச் சம்மதம்.’ அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு மூச்சு வந்தது. ‘அய்யோ அப்பா! உங்களை யாராலயும் ஏமாத்த முடியாதுங்கப்பா! நவநீ, பக்கத்துல இருக்கியா? அப்பா உன்னை டெஸ்ட் பண்ணிருக்காரு! உனக்குத் தெரியவே இல்லையா?’

மாசிலாமணி தலை நிமிரவில்லை. மூடி மேசை மேல் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் என்று சொல்லட்டும், நீங்க நினைக்கிற மாதிரி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், இவன்தான் விட்டுக் கொடுக்காதவனாயிற்றே, முகத்துக்கு நேராகச் சொல்கிறவனாயிற்றே. சொல்லிவிடு தம்பி என்று வேண்டிக்கொண்டாரா, சொல்லிவிடாதே தம்பி என்று வேண்டிக்கொண்டாரா, அவருக்கே தெரியவில்லை. நவநீதன் ஃபோன் பக்கமாகக் குனிந்தான். ‘இல்ல சிந்து, எனக்குத் தெரியவே இல்ல, நல்லா பயந்துட்டேன்’ என்றான், சிரித்துக்கொண்டே, கொஞ்சமும் தடுமாறாமல், எத்தனையோ நாளாகச் சொல்லிப் பழகின மாதிரி. அவள் அங்கே சிரித்தாள், அம்மா அம்மா என்று உள்ளே கத்திக்கொண்டு ஓடினாள், ஃபோனை வைக்க மறந்துவிட்டாள், செருப்பில்லாத அவள் கால் தரையில் தபதபவென்று ஓடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. மாசிலாமணி ஃபோனை அணைத்தார். என்ன அழகாகப் பொய் சொல்கிறான்! காலையிலிருந்து தேடியது, மூன்று வாரமாகச் சிவப்புக் கோடு போட்டுத் தேடியது, இவனை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம், கடைசியில் முழுசாகக் கையில் கிடைத்துவிட்டது. அதை உலகத்தில் ஒருத்தரிடமும் சொல்ல முடியாது.